மிளகுக் கிடங்கில் இரண்டு திரைகள்

கம்ப்யூட்டரை எங்கள் கிடங்குக்குள் தூக்கி வந்தவன் நான்தான். எர்ணாகுளத்திலிருந்து படகில் வந்த மூன்று அட்டைப் பெட்டிகளை படகுத்துறையிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டு வந்தார்கள். மிளகு மூட்டை என்றால் எங்கே பிடிக்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். இதற்குத் தெரியவில்லை. தூங்குகிற பிள்ளையை எடுப்பது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், தராசுக்குப் பக்கத்து மேஜையில் வைத்தேன். முதல் ஒரு வாரம் அதன்மேல் ஒரு துண்டு போர்த்தியே கிடந்தது. உள்ளே மிளகுத் தூசி போய்விடும் என்று சேட்டு பயந்தார். போர்த்தியிருந்த அந்த வாரம் முழுக்க எனக்கும் அதற்கும் எந்தத் தகராறும் இல்லை.

சேட்டு என்றால் கிடங்கின் முதலாளி. பாட்டனார் காலத்திலேயே குஜராத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த குடும்பம். மலையாளமும் தமிழும் சேர்த்துத் தனக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் முற்றத்தில் வேலை. பாயில் பரப்பிய மிளகை அரைமணிக்கு ஒரு தரம் காலால் அளைந்து திருப்பிப் போட வேண்டும். மேலே வெயில், கீழே சுடுகிற சிமெண்டு. அதன்பிறகு தராசுக்குப் பக்கத்து நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலி கிடைத்த அன்று என் மனைவி பாலடைப் பிரதமன் என்கிற பாயசம் வைத்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி என்னைத் தாண்டிப் போனால் போனதுதான், கூப்பிட மாட்டேன். பஸ்ஸில் என் நிறுத்தத்தில் வேறு யாரும் இறங்காவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். ஆனால் தராசில் மூட்டை ஏறிவிட்டால் எங்கிருந்தோ ஒரு குரல் வந்துவிடும். எடையைக் கூவிச் சொல்வதுதான் என் வேலை. நான் சொல்வது கிடங்கின் முன்வாசலில் நிற்கிற லாரிக்காரனுக்கும் கேட்கும், பின்வாசலில் காயல்பக்கம் படகில் இருப்பவனுக்கும் கேட்கும். சொல்லிக்கொண்டே தாளில் எழுதிவிடுவேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்த எனக்கு அது போதுமானதாக இருந்தது. தமிழ் வாசிப்பேன். மலையாளம் பஸ் போர்டு அளவுக்கு. இங்கிலீஷில் எண்கள் மட்டும் தெரியும்.

ஆகவே, துண்டை எடுத்ததும் தெரிந்த அந்தத் திரையை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இருபது இருபத்திரண்டு சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றின் தலையிலும் எறும்பு வரிசை போல இங்கிலீஷ். எங்கள் கணக்கர் கேட்டபடி எர்ணாகுளத்தில் ஒரு சின்னக் கம்பெனி எழுதிக் கொடுத்த புரோகிராம் அது. கணக்கர் வைப்பின் தீவிலிருந்து தினமும் படகேறி வருகிறவர், காமர்ஸ் படித்தவர். அவரை நாங்கள் சேட்டா என்போம், மலையாளத்தில் அண்ணன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். எல்லாம் வாயில்தான் இருக்கும்.

"அண்ணாச்சி, இது வளரே சிம்பிளா. வாசிச்சு வாசிச்சு அடிச்சா மதி," என்றார். ரொம்பச் சுலபம், வாசித்து அடித்தால் போதுமாம்.

இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, இடத்தை மனப்பாடம் செய்துகொண்டேன். மேலிருந்து மூன்றாவது வரிசையில் இடமிருந்து இரண்டாவது பெட்டி எடை. அதற்கு அடுத்தது ஈரம். மிளகில் எத்தனை சதவீதம் ஈரம் இருக்கிறது என்பதை ஒரு சின்ன மீட்டரில் பார்த்து அதில் போட வேண்டும். வீட்டில் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் அந்தத் திரையை அப்படியே வரைந்து, பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பழகினேன்.

"என்னது இது, பொங்கலுக்குக் கோலமா?" என்றாள் மனைவி.

"ஆபீஸ் வேலை."

"உங்களுக்கு ஆபீஸ் வேலையா?" என்று சிரித்தாள். ஆனால் அடுத்த நாள் ரப்பர் ஒன்று வாங்கி வைத்திருந்தாள்.

ஒரு மாதம் அப்படியே ஓடியது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு ஒரு நாள், தன் பேரேட்டில் இருக்கிற வரிசையிலேயே திரையிலும் இருக்க வேண்டும் என்று கணக்கர் கேட்டு, கம்பெனிக்காரர்கள் வந்து பெட்டிகளை மாற்றிவிட்டுப் போனார்கள். ஈரம் முன்னால் வந்தது, எடை பின்னால் போனது. அன்று நான் முற்றத்தில் சாக்கு எண்ணிக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாசிக்கத் தெரிந்தவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

அடுத்த நாள் நாற்பது மூட்டை மிளகு போட்டேன். பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று சீட்டை இழுத்துத் தள்ளியது. கணக்கர் அதை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மூட்டை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளர்களின் தலைவரான மூப்பனைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"ஒரு மூட்டை மிளகு, எடை பதினொரு கிலோ. ஈரம் அறுபத்திரண்டு சதவீதம்."

மூப்பன் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது மிளகல்ல சேட்டா. ரசமா. சாக்கில கட்டி அனுப்பான் பற்றில்லா."

கிடங்கே சிரித்தது. எட்டுச் சுமட்டுக்காரர்களும் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒரு வாரத்துக்கு என் பெயர் ரசம் அண்ணாச்சி. எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் சேட்டு கூப்பிட்டுச் சொன்னதைக் கேட்டதும் நின்றுவிட்டது.

"நீ நல்ல ஆளு. மிஷினும் நல்லது. ரெண்டும் சேரணும்," என்றார். "ரெண்டாமத்த சனிக்கிழமை பெரிய லாட்டு, நூத்தி நாப்பது மூட்டை, போகுது. வாங்குற பார்ட்டி நேரா வந்து பார்ப்பான். அன்னிக்கு சீட்டு சரியா வந்தா நீ நாற்காலி. வரலேன்னா நீ முற்றம். பத்தாம் கிளாஸ் பாஸான ஒருத்தனைச் சொல்லி வெச்சிருக்கேன். மனசில ஒண்ணும் வெச்சுக்காதே."

மனசில் வைத்துக்கொள்ளாமல் எங்கே வைத்துக்கொள்வது? முற்றத்துக்குத் திரும்பினால் சம்பளம் குறையாது என்றும் சொன்னார். எனக்கு வேண்டியது அந்த நாற்காலியும், அதில் உட்கார்ந்தால் வருகிற குரலும்தான். வீட்டில் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் நான் காலண்டரைத் தொடாமல் இருந்ததைப் பார்த்து மனைவியே கேட்டு வாங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் எர்ணாகுளம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். புரோகிராமை எழுதியது அவள்தானாம். முப்பது வயசுகூட இருக்காது. தோளில் ஒரு பெரிய பை, கையில் குடை. பாலக்காட்டுச் சித்தூர்ப்பக்கம் ஊர் என்பதால் தமிழ் பேசினாள். சீட்டு ஏன் தப்பாக வந்தது என்று பார்க்கச் சொல்லி சேட்டு போன் செய்திருக்கிறார்.

"ஒண்ணும் மாத்தப் போறதில்ல அண்ணா. நீங்க வேலை செய்யுங்க. நான் சும்மா உட்கார்ந்து பார்க்கறேன்," என்று சொல்லி ஒரு சுக்கு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

காலையிலிருந்து மதியம் வரை பார்த்தாள். நடுவில் இருபது முறையாவது தும்மினாள். மதியம் கணக்கர் சாப்பிடப் போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, நீங்க எடை போடறப்ப திரையில எழுத்தைப் பார்க்கறதே இல்ல. விரலை வெச்சு எண்ணறீங்க. இல்லையா?"

எனக்குக் காது சுட்டது. தராசின் தட்டைத் துணியால் துடைக்க ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே துடைத்த தட்டு.

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதும்மா," என்றேன். அந்தக் கிடங்கில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. பின்வாசலில் ஒரு காக்கை கத்தியது, அவ்வளவுதான்.

"அது உங்க தப்பில்ல, என் தப்பு," என்றாள். "கணக்கர் உட்கார்ந்து பார்க்கற மாதிரி ஒரு திரை எழுதி, அதை உங்களுக்கும் கொடுத்துட்டேன். மூட்டை தூக்கறவருக்குக் கணக்கரோட கண்ணாடியை மாட்டி விட்ட மாதிரி. உங்களுக்கு வேற ஒண்ணு பண்ணித் தரேன். மூட்டையோட நம்பர், எடை, ஈரம், அவ்வளவுதானே வேணும்?"

"சரக்கு எதுன்னும் தெரியணும்."

"என்னென்ன சரக்கு?"

"மிளகு, சுக்கு, மஞ்சள்."

"கறுப்பு, சாம்பல், மஞ்சள். மூணு பொத்தான். எழுத்தே வேண்டாம்."

நான்கு நாள் கழித்து அவள் திரும்பி வந்து அதைப் போட்டுக் காட்டியபோது, எனக்கு அந்தக் கம்ப்யூட்டர்மேலிருந்த கோபம் எல்லாம் போய்விட்டது. திரை முழுக்க மூன்றே பெட்டிகள். எண்கள் என் உள்ளங்கை அகலம். தராசிலிருந்து ஆறடி தள்ளி நின்றாலும் தெரியும். கீழே மூன்று நிறத்தில் மூன்று பொத்தான்கள். எடைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தராசுப் படம், ஈரத்துக்கு ஒரு நீர்த்துளி, மூட்டை எண்ணுக்கு ஒரு சாக்குப் படம்.

"அப்போ கணக்கருக்கு?" என்று கேட்டேன். இருப்பது ஒரே கம்ப்யூட்டர்தானே.

"அவரோடதும் உள்ளதான் இருக்கு. வாங்க, காட்டறேன்."

அப்போதுதான் ஒரு புரோகிராமின் உள்பக்கத்தை நான் பார்த்தேன். வரிவரியாக, சில வரிகள் உள்தள்ளி, சில வரிகள் வெளியே நீட்டிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போட்ட மூட்டைகள் போல இருந்தது. அவள் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இங்க ஒரு எண்ணைப் பார்க்கும். அந்த எண் பூஜ்யமா இருந்தா கணக்கரோட திரையைக் காட்டு, உங்களோடதை மறைன்னு எழுதியிருக்கேன். ஒண்ணா இருந்தா உங்களோடதைக் காட்டு, அவரோடதை மறை. ரெண்டும் எப்பவும் இருக்கும். ஒண்ணுதான் தெரியும்."

எனக்குச் சட்டென்று எங்கள் கிடங்கு ஞாபகம் வந்தது. முன்வாசல் பஜார் ரோட்டில், பின்வாசல் காயலில். லாரி வந்தால் முன்வாசலைத் திறப்போம், படகு வந்தால் பின்வாசல். உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றுதான். நான் அதை அவளிடம் சொன்னேன்.

"எங்க காலேஜில இதை ஒரு மாசம் சொல்லிக் கொடுத்தாங்க," என்றாள்.

மாற்றுவதற்கு ஒரு பொத்தான் வைக்க அன்று அவளுக்கு நேரமில்லை. அடுத்த தடவை வைப்பதாகச் சொல்லி, இப்போதைக்கு ஒரு வழி காட்டினாள். புரோகிராமுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பு. திறந்தால் ஐந்து வரி இருக்கும். கடைசி வரியின் கடைசியில் ஓர் எண். அதை அழித்து வேறு எண் போட்டுச் சேமித்து, புரோகிராமை மூடித் திறந்தால் திரை மாறிவிடும். காலையில் எனக்கு ஒன்று, மதியத்துக்குப் பிறகு கணக்கருக்குப் பூஜ்யம்.

"முதலாவது திரைக்கு ஏன் பூஜ்யம்?" என்று கேட்டேன்.

"அது அப்படித்தான் அண்ணா. நாங்க பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுவோம்," என்று சொல்லிவிட்டு மூன்று மணிப் படகுக்கு ஓடினாள்.

அடுத்த நாள் காலை புதுத் திரையில் முதல் லாட்டு. பழைய திரை கேட்காத மூட்டை எண்ணை, சாக்கில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியதைப் பார்த்து இதில் போட வேண்டும். முதல் மூட்டை தராசில் ஏறியது. எடை போட்டேன், ஈரம் போட்டேன், கறுப்புப் பொத்தானை அமுக்கினேன். 'டொங்' என்று ஒரு சத்தம். நகரவில்லை. மறுபடி அமுக்கினேன். மறுபடி டொங்.

கணக்கர் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, மூட்டை நம்பர் அடிச்சில்லல்லோ. ஒண்ணு அடிக்கூ."

"அது அடிக்கக் கூடாது சேட்டா."

"எந்து கொண்டு?"

"முதல் மூட்டைக்கு ஒண்ணு சொல்ல மாட்டோம்."

இது எங்கள் பஜாரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரிசி அளந்தாலும் மிளகு நிறுத்தாலும் முதலாவதை ஒன்று என்று சொல்வதில்லை. 'லாபம்' என்போம். அடுத்தது ரெண்டு, மூணு. தாளில் எழுதும்போதும் முதல் மூட்டைக்கு எண் இல்லை. ஒரு வட்டம் போட்டுவிடுவேன். சாக்கிலும் மூப்பன் அப்படித்தான் வட்டம் போடுவார். அதனால் நான் அந்தப் பெட்டியைக் காலியாக விட்டிருந்தேன். பத்து வருஷமாக நான் செய்து வருகிற வழக்கத்தை ஒரு டொங்குக்காக மாற்ற முடியுமா?

"அய்யோ, இது கம்ப்யூட்டரா அண்ணாச்சி, இதுக்கென்ன லாபமும் நஷ்டமும்? ஒண்ணு அடிச்சு விடூ!"

"அடிக்க மாட்டேன்."

நானே பயந்துபோனேன். அந்தக் கிடங்கில் நான் 'மாட்டேன்' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. மூப்பன் என் பக்கம் வந்து நின்றார். "அண்ணாச்சி பறஞ்சது சரியா. ஒண்ணுன்னு துடங்கின லாட்டு ஞங்ஙள் எடுக்கில்லா," என்று தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டார். அதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம். எட்டுப் பேரும் சாயா குடிக்கப் போய்விட்டார்கள்.

சேட்டு எர்ணாகுளத்துக்குப் போன் போட்டார். பதினொரு மணிப் படகில் அந்தப் பெண் வந்து இறங்கினாள். வரும்போதே, "என்ன அண்ணா, ஒரே ஒரு மூட்டைக்காகக் காயல் தாண்ட வெச்சுட்டீங்க," என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு சுக்கு மூட்டைமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அண்ணா, நேத்து கேட்டீங்களே, முதலாவதுக்கு ஏன் பூஜ்யம்னு. உங்க தாள்ல முதல் மூட்டைக்கு என்ன போட்டிருக்கீங்க, பாருங்க."

பார்த்தேன். வட்டம்.

"நாங்களும் முதலாவதை ஒண்ணுன்னு சொல்லறதில்ல. வட்டம்தான் போடறோம்," என்றாள்.

"ஆனா எங்களுக்கு வட்டத்துக்கு அடுத்தது ரெண்டு," என்றேன்.

"எங்களுக்கு ஒண்ணு."

"அப்போ உங்க எண்ணிக்கையில கடைசியில ஒரு மூட்டை குறையுமே?"

"அந்த ஒரு மூட்டையைத் தேடித்தான் எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் தினமும் உட்கார்ந்திருக்காங்க," என்றாள்.

பிறகு என்னிடம் ஒரு தாளைக் கொடுத்து 'லாபம்' என்று தமிழில் எழுதச் சொன்னாள். இரண்டு நாளில் அதைப் படமாக்கிக் கொண்டுவந்து புரோகிராமுக்குள் வைத்தாள். அதன்பிறகு புது லாட்டு தொடங்கினால் மூட்டை எண் பெட்டியில் தானாகவே 'லாபம்' என்று வரும், என் கையெழுத்தில், 'ம்' கொஞ்சம் கோணலாக. மூப்பன் அதைப் பார்க்க ஆட்களை எல்லாம் கூட்டி வந்தார். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களும் வந்து பார்த்தார்கள்.

பூஜ்யமும் ஒன்றும் எனக்கு அன்றோடு படிந்துவிட்டன. காலையில் வந்ததும் கோப்பைத் திறந்து ஒன்று; மதியம் சோற்றுக்கு எழுவதற்கு முன் பூஜ்யம். கணக்கருக்காகவும் நான்தான் மாற்றிக் கொடுப்பேன். அவர் அதில் கைவைத்ததில்லை. "அண்ணாச்சி இப்போ எஞ்சினீயரல்லே," என்று கிண்டல் செய்வார். நான் மாற்றுவதற்குள் பக்கத்தில் வந்து நின்று அவசரப்படுத்துவார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. மனைவி சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. மிளகு மூட்டைக்கு நடுவில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நான் மட்டும்.

எட்டு மணிக்கு வாங்குகிற பார்ட்டி வந்தார். உயரமான மனிதர், கையில் குத்தூசி. மூட்டையில் குத்தி மிளகை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்தார். கூட ஒருவர் நோட்டும் பேனாவுமாக நின்றார். எங்கள் சீட்டை அவர் எழுத்தோடு ஒத்துப் பார்ப்பதற்கு. சேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பின்னால் உட்கார்ந்தார். நூற்று நாற்பது மூட்டை அட்டியில் காத்திருந்தது.

கம்ப்யூட்டரைப் போட்டேன். இத்தனை பேர் பார்க்கிற படபடப்பில் கோப்பை மாற்ற மறந்து, நேரே புரோகிராமுக்குப் போனேன். திரை முழுக்க வெறும் சாம்பல். பெட்டி இல்லை, பொத்தான் இல்லை, நீர்த்துளி இல்லை. கணக்கருடைய எறும்பு வரிசைகூட இல்லை. மூடித் திறந்தேன். மறுபடி சாம்பல்.

"என்ன ஆச்சு?" என்றார் சேட்டு.

கணக்கர் ஓடி வந்தார். "இது எங்ஙனே? ஞான் இன்னலே வைகிட்டு தன்னே அண்ணாச்சிக்கு வேண்டி மாற்றி வெச்சல்லோ!"

முந்தின நாள் நான் மாலை கொஞ்சம் முன்னதாகவே போயிருந்தேன். இன்று எனக்குப் பெரிய நாள், காலையில் கோப்பைத் திறக்கிற வேலையாவது மிச்சமாகட்டும் என்று அவரே மாற்றி வைத்திருக்கிறார். எனக்கு இதுவரை அவர் செய்த உதவி அதுதான் முதலாவது.

எர்ணாகுளத்துக்குப் போன் போட்டார்கள். அந்தப் பெண் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டாள், பஸ்ஸில் இருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். அவளிடம் மொபைல் இல்லை. பார்ட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தாளில எழுதிடலாமே சேட்டு," என்றார். சேட்டு அட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்க்காமல் இருந்ததிலேயே எனக்கு முற்றம் தெரிந்தது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டே கணக்கரிடம் கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சேட்டா, கோப்பில எந்த நம்பர் போட்டீங்க?"

"எந்தா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்ட்டி, நோட்டுக்காரர், சேட்டு, எட்டுச் சுமட்டுக்காரர்கள். நான் தராசைப் பார்த்தேன். மூட்டை எதுவும் இல்லாத தட்டு. மூட்டை இருப்பதாக நினைத்துக்கொண்டு, எடை கூவுகிற குரலில் கேட்டேன்.

"கோப்பில எந்த நம்பர் போட்டீங்க?"

அது முன்வாசல் லாரிக்காரனுக்கும் கேட்டிருக்கும். கணக்கர் ஓர் அடி பின்னால் போனார்.

"ரெண்டு! என்றெ திரை ஒண்ணாமத்தது, அண்ணாச்சியுடெ ரெண்டாமத்தது. ரெண்டு போட்டு. சரியல்லே?"

எனக்குப் புரிந்துவிட்டது. பூஜ்யம் என்றால் அவருடையதைக் காட்டும். ஒன்று என்றால் என்னுடையதை. ரெண்டு என்று ஒரு வாசலே இல்லை. கிடங்கின் இரண்டு கதவும் சாத்திக் கிடக்கிறது; சரக்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது.

"சரியில்ல சேட்டா. இதில முதலாவது பூஜ்யம். லாபம் மாதிரி. ரெண்டாவதுதான் ஒண்ணு," என்றேன். அதே குரலில்தான் சொன்னேன். அந்தக் குரல் வந்துவிட்டால் உடனே இறங்காது.

கோப்பைத் திறந்தேன். ஐந்தாவது வரி, கடைசி எண். அழித்தேன். ஒன்று போட்டேன். சேமித்தேன். சேட்டு நாற்காலியோடு முன்னால் நகர்ந்து வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். புரோகிராமைத் திறந்தேன். கறுப்பு, சாம்பல், மஞ்சள். மூன்றும் வந்து உட்கார்ந்தன.

"வந்நு!" என்று மூப்பன் கத்தினார். முதல் மூட்டை தராசில் விழுந்தது.

நூற்று நாற்பது மூட்டை. நான் கூவினேன், அடித்தேன், அமுக்கினேன். நாற்பதாவது மூட்டைக்கு மேல் நான் திரையைப் பார்த்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. நடுவில் எழுபது மூட்டை தாண்டியபோது நோட்டுக்காரர் ஒரு வரியை விட்டுவிட்டு, "என்ன சொன்னீங்க அண்ணாச்சி?" என்று என்னைக் கேட்டார். படித்தவர் ஒருவர் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தப் பெண் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தபோது தொண்ணூறு தாண்டியிருந்தது. நேராகச் சுக்கு மூட்டைமேல் உட்கார்ந்து தும்ம ஆரம்பித்தாள்.

பிரிண்டர் சீட்டைத் தள்ளியது. நோட்டுக்காரர் தன் கணக்கோடு வைத்து விரலால் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இது என்றெ தெற்றா," என்று சொல்லித் தன் நோட்டைத் திருத்திக்கொண்டார்.

பார்ட்டி சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். சேட்டு அந்தப் பெண்ணிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கணக்கர் எனக்கு ஒரு சாயாவும் பழம்பொரியும் வாங்கி வந்து வைத்து, "அந்த ரெண்டு மட்டும் வெளியில பறயண்டா, சொல்ல வேண்டாம்," என்றார். கிடங்கில் எல்லோருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. மூப்பன் போகிற போக்கில் விரலை நீட்டி, "பூஜ்யம், ஒண்ணு... சேட்டா, ரெண்டு எவிடெ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் வரை காத்திருந்தேன். சேட்டு கூப்பிடவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. காலையில் வந்த குரல் மூட்டைகளோடு லாரி ஏறிப் போய்விட்டது. தராசைத் துடைத்தேன். கம்ப்யூட்டரின்மேல் துண்டைப் போர்த்தினேன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன்.

"ஏய்," என்று பின்னாலிருந்து சேட்டு கூப்பிட்டார். பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "திங்கக்கிழமை சுக்கு வருது. காலத்தே ஏழு மணி. நேரத்துக்கு வந்து மிஷினைப் போட்டு வை."

"சரி சேட்டு," என்றேன்.

வழியில் எங்கும் நிற்கவில்லை. மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். அது மிளகுத் தூசியில் சாம்பல் நிறமாகியிருந்தது.

"என்ன சொன்னார்?"

"திங்கக்கிழமை சுக்கு வருதாம்," என்றேன். "ஏழு மணிக்கு."

அவள் உள்ளே போய்ப் பிரதமனுக்கு அடுப்பில் பாலை வைத்தாள்.